ஏலக்கரையில் பேசிக்கொள்ளாத இருவர்

“ஏம்மா, இனிமே பிள்ளைங்க எழுதவே வேணாம்னு ஆகிப்போச்சு. நீ இவங்களுக்கு எதைச் சொல்லிக் குடுக்கப் போற?” என்று எங்கள் துறைத் தலைவர் ஒருநாள் கேட்டார். அதில் கேலி இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பதைப் போலக் கேட்டார். அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது.

புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகத் தமிழ் நடத்துகிறேன். அன்னவாசல் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். மேசையில் வைக்கும் பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுத்தபோது, “எம்.ஏ., எம்.பில். ரெண்டும் போட எடம் பத்தாதுங்க” என்றார் கடைக்காரர். எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். எதையும் எடுக்கச் சொல்லவில்லை.

முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி என்று ஒரு தாள். அதை நான்தான் கேட்டு வாங்கி நடத்தினேன். ‘என் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். வந்தவற்றைப் படித்தால், ஏறக்குறைய எல்லா ஊரிலும் சலசலத்து ஆறு ஓடியது. கண்மாயும் ஊருணியும் தைலமரக் காடுமாகக் கிடக்கும் மாவட்டம் இது. மழைக்கு நாலு நாள் ஓடி நின்றுவிடும் வெள்ளாறே எங்களுக்குப் பெரிது. ஆனால் பிள்ளைகளின் போனில் கேட்டதை எழுதித் தரும் ஏஐ, ஊருக்கு ஓர் ஆறு கொடுத்துவிட்டது. கேட்டவுடன் கொடுத்ததை அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் கல்லூரி ஆண்டுவிழா அழைப்பிதழை எழுதியதும் அதுதான். அதிலும் ஓர் ஆறு இருந்தது.

யோசித்து ஒரு விதி போட்டேன். யாரைப் பற்றி எழுதினாயோ அவருக்கு அதைப் படித்துக் காட்டு. கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் என்பதைக் கடைசிப் பத்தியாக எழுது. அடுத்த முறை வந்த கட்டுரைகளில் கேட்டவர்கள் அத்தனை பேரும் கண்கலங்கியிருந்தார்கள். “கம்மாய் மடையத் தொறந்துவிட்டாப்புல எல்லாரும் அழுதுருக்காகளே” என்று துறைத் தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஒரு கட்டுரையில் மட்டும் ஆறு இல்லை, அழுகை இல்லை. கடலோரக் கட்டுமாவடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் அபிநயா எழுதியது. அவளுடைய அம்மா அமுதா, மீன் ஏலத்தில் எடுத்து ஊர் ஊராக விற்பவர். அதே ஏலத்தில் எடுக்கும் மல்லிகா என்பவருக்கும் அவருக்கும் ஆகாது. கரையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஒருத்தி கேட்கும் கூடையை மற்றவள் கேட்கமாட்டாள். ஊருக்கே தெரிந்த பகை. ஆனால் அந்தப் பகை பொய் என்று எழுதியிருந்தாள் அபிநயா. இருவரும் கூட்டாளிகள். ஒருவர் விலை கேட்கும்போது மற்றவர் வெறுப்பில் விலகுவதுபோல விலகினால், போட்டியில்லாமல் விலை ஏறாது. பிறகு மதியம் வீட்டில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். கடைசிப் பத்தி ஒரே வரி: “படித்துக் காட்டினேன், கிழித்துப் போடு என்றார் அம்மா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதுதான் நான் தேடியது. துறைத் தலைவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சினிமாக் கதை மாதிரில்ல இருக்கு? நல்லா எழுதச் சொல்லிக் கேட்டுருப்பா, நல்லா எழுதிக் குடுத்துருக்கு” என்றார். திங்கட்கிழமை துறைக் கூட்டம். எழுத்துப் பயிற்சித் தாள் அடுத்த ஆண்டு இருக்குமா என்பதை அன்று முடிவு செய்வார்கள். “நெசமா ஒரு பிள்ள எழுதுன ஒரு கட்டுரையக் கொண்டா. நானே உனக்காகப் பேசறேன்” என்றார். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அபிநயாவோடு பஸ் ஏறிவிட்டேன்.

அறந்தாங்கி தாண்டியதும் பஸ் நின்றது. டயர் பஞ்சர். நடத்துநர் இறங்கிப் பார்த்து, “எல்லாரும் எறங்கி நில்லுங்க, பின்னாடி வண்டி வருது” என்றார். பின்னாடி வந்த வண்டியில் நிற்கத்தான் இடம். பக்கத்தில் வாழைக்கட்டோடு நின்ற ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டீச்சரா?”

“காலேஜ்லங்க.”

“என்ன பாடம்?”

“எழுதுறதுக்குச் சொல்லிக் குடுக்கறேன்.”

“காலேஜு போயுமா இன்னும் எழுதத் தெரியல?” என்று உண்மையாகவே கவலைப்பட்டார். அபிநயா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எம்.பில். பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

கட்டுமாவடியில் இறங்கியபோது காற்று ஈரமாக இருந்தது. எங்கள் ஊர்க் காற்று சட்டையைக் காயவைக்கும், இங்கே காய்ந்ததை நனைக்கிறது. அமுதா வாசலிலேயே நின்றார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு. பைகளை வாங்கக்கூட இல்லை, “என்ன தப்பு பண்ணுச்சு?” என்றார் மகளைப் பார்த்து.

“ஒரு தப்பும் இல்லங்க. சும்மா பாக்க வந்தேன்.”

“டீச்சரு சும்மா வருவாகளா?” என்றவர், பிறகு முகம் மாறி, “கடல் பாக்கவா? வாங்க, வாங்க. அது எங்கிட்டும் போகாது, காலையில பாத்துக்கலாம்” என்றார். அன்று இரவுச் சாப்பாடு சூடை மீன் பொரியலும் ரசமும். எங்கள் வீட்டில் மீன் என்றால் சந்தையில் வாங்கும் கருவாடுதான். முள்ளை எடுக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பார்த்து, அமுதாவே எடுத்து என் இலையில் வைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனோம். நாட்டுப் படகுகள் வந்துகொண்டிருந்தன. வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக் கூடைகளில் போட்டார்கள். தார்ப்பாய் விரித்த இடத்தில் ஏலம். ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் விலையைக் கூவினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அபிநயா என் காதோடு, “அதோ, பச்சைச் சேலை. அதான் மல்லிகாத்தே” என்றாள்.

பச்சைச் சேலைக்காரர் தடித்த உடம்போடு, இடுப்பில் கைவைத்து நின்றார். அமுதா ஒரு கூடை நண்டுக்கு விலை கேட்டார். உடனே மல்லிகா காறித் துப்பினார்.

“அவ கை பட்ட கூடையா? எனக்கு வேணாம்ப்பா.”

“கேக்கத் துப்பில்லன்னா ஒதுங்கி நிக்கணும், பேச்சு எதுக்கு?” என்றார் அமுதா, வானத்தைப் பார்த்து.

“யாரு துப்பில்லாதவ? ஏலக்காரரே, காலங்காத்தால என் வாயப் புடுங்க வேணாம்னு சொல்லி வைங்க!”

“ரெண்டு பேரும் நிறுத்துங்கம்மா, நண்டு செத்துரும்” என்றார் ஏலக்காரர் அலுப்போடு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூடை அமுதாவுக்குப் போயிற்று.

நான் இருவரின் முகத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ஜாடை, ஒரு சிரிப்புக் கீற்று, எதுவும் இல்லை. மல்லிகா என்னைக் கடந்தபோது, “இது யாரு, அவ வீட்டு விருந்தாடியா? வெளங்கிரும்” என்று என் மேலும் ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போனார். அந்த வெறுப்பு அசல் வெறுப்பு. துறைத் தலைவர் சொன்னதுதான் சரியோ? பகை உண்மை, கூட்டு கற்பனையோ? இரண்டு பெண்களின் சண்டையைச் சொல்லி, இதை சுவாரசியமாக்கு என்று போனிடம் கேட்டிருப்பாளோ?

திரும்பும்போது நேராகவே கேட்டேன். “அபிநயா, போன்ல எழுதுனியா?”

அவள் நின்றாள். “எழுதிட்டுப் போன்ல போட்டேன் மேம். எழுத்துப்பிழை பாக்க. பிழை திருத்திச்சு. அப்புறம் முடிவு சரியில்ல, ரெண்டு பேரும் கடற்கரையில கட்டிப்பிடிச்சுக்கிற மாதிரி வச்சா நல்லாருக்கும்னுச்சு.”

“நீ?”

“கட்டிப்பிடிச்சா யாவாரம் போயிருமே மேம்” என்றாள், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

பாதி நம்பினேன். மீதியை மதியத்துக்கு வைத்திருந்தேன்.

மதியம் நண்டுக் குழம்பு. நண்டை எப்படி உடைப்பது என்று தெரியாமல் காலைத் திருகிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு திறந்தது. பச்சைச் சேலை. தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. “இன்னக்கி என்னா துப்பில்லாதவன்னு ரொம்பத்தான் பேசிட்ட” என்றபடி மல்லிகா உள்ளே வந்து, தானே தட்டு எடுத்து, அமுதாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். கை பாதியில் நின்றது.

“அடியே, விருந்தாடி இன்னும் போகலன்னு சொல்ல வேணாமா?”

“டீச்சரு தூங்கப் போவாகன்னு பாத்தேன், சாப்புட ஒக்காந்துட்டாக” என்றார் அமுதா, திகைத்துப்போய்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுதியதெல்லாம் உண்மை! சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. மல்லிகா என்னையே உற்றுப் பார்த்தார்.

“கரையில அம்புட்டுச் சண்டையப் பாத்த ஆளு, இப்ப என்னையக் கண்டு முழிக்கணுமா இல்லையா? இவுக முழிக்கவே இல்ல அமுதா. இவுகளுக்கு முன்னாடியே தெரியும்.”

அமுதா மகளைப் பார்த்தார். அபிநயா தட்டைப் பார்த்தாள்.

“கிழிச்சுட்டேன்னு சொன்னியேடி.”

அந்த ஒற்றை வரியை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! கிழித்துப் போடு என்றார் அம்மா. நல்ல முடிவு என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தேன். அது ஒரு பெண்ணின் பிழைப்பைக் காக்கும் உத்தரவு என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

“யாரு யாரு படிச்சிருக்காக?” என்றார் அமுதா என்னிடம். குரல் உயரவில்லை.

“நானும் எங்க துறைத் தலைவரும். அவரு நம்பல. கதைன்னு நெனச்சுட்டார். பிழை பாக்க அபிநயா போன்லயும் போட்டிருக்கா.”

“நல்லதாப் போச்சு. போன்லயும் போட்டாளாமே, அது யார்ட்டயாச்சும் சொல்லிருமா?”

படித்த படிப்பையெல்லாம் திரட்டிப் பார்த்தேன். “தெரியலங்க” என்றேன். அதுதான் உண்மை.

“அதுக்கு நம்ம ஊரு எங்கிட்டு இருக்குன்னே தெரியாதும்மா” என்றாள் அபிநயா மெல்ல.

“நீ பேசாத.”

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை கூட்டம், என் தாள், இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினால் அது பிழைக்கும் என்பது. பெயரை மாற்றிவிடலாம் என்றேன். ஊரைக்கூட மாற்றலாம் என்றேன்.

“இந்தக் கரையில சண்டைக்காரிக எத்தன சோடி? பேர மாத்துனா தெரியாமப் போயிருமா?” என்றார் மல்லிகா.

“ஆனா படகுக்காரவங்களுக்கு இதுல நட்டம் இல்லையா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அமுதா நண்டு ஓட்டைத் தட்டில் வைத்தார். “பெரிய யாவாரிக நாலு பேரு காருக்குள்ள இருந்தே போன்ல பேசி முடிச்சுக்கிட்டு வாறாக. இன்னக்கி இதுக்கு மேல கேக்காதன்னு. அத யாரும் கேக்குறதில்ல. நாங்க ரெண்டு பேரும் தொண்ட கிழியச் சண்ட போட்டு ஒரு கூடை நண்டு எடுக்குறோம். இதப் போயி கூட்டத்துல படிக்கணுமா டீச்சரு?”

பையிலிருந்து கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தாள்தான். என் தாளையும் அதோடு சேர்த்துக் கொடுப்பதாகத்தான் இருந்தது.

“குடு, கருவாடு மடிக்கலாம்” என்று மல்லிகா கைநீட்டினார். அமுதா கொடுக்கவில்லை. “என்னையப் பத்தி எழுதுனது. அதுல எதுக்குக் கருவாடு மடிக்கணும்?” என்றார். கொஞ்சம் பொறுத்து, மகள் பக்கம் தாளை நீட்டி, “படி. மல்லிகா இன்னும் கேக்கலல்ல” என்றார்.

அபிநயா படித்தாள். ஏலம் வரும் இடத்தில் மல்லிகா ஒருமுறை கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கரகரத்த கொரலா? என் கொரலு கரகரன்னா இருக்கு?” என்றார், கரகரவென்று.

அமுதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மல்லிகா அவர் முதுகில் ஒன்று வைத்தார். படித்து முடித்ததும் அமுதா தாளை மடித்து ரேஷன் அட்டையோடு வைத்துப் பெட்டியை மூடினார். மகளோடு அன்று முழுக்கப் பேசவில்லை. இந்த மௌனத்தில் நடிப்பு இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

ஞாயிறு காலை நான் கிளம்பும்போது பனையோலைப் பெட்டியில் நண்டு போட்டுக் கொடுத்தார். “எம்மேல வருத்தம் இல்லையே?” என்றேன். “ஒங்க மேல எதுக்கு? வேணாம்னோம், குடுத்துட்டீக” என்றவர், “அவளுக்கு மார்க்கு?” என்றார். ஏற்கெனவே போட்டாயிற்று, வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிகம் என்றேன். “பொய் சொன்னதுக்குக் கொறைக்க மாட்டீகளா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பேருந்தில் பெட்டி ஒழுகி, என் காலடியிலிருந்து தண்ணீர் ஓட்டுநர் வரைக்கும் ஓடியது. “நண்டு யாருது?” என்று நடத்துநர் மூன்று முறை கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மா அதை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு, எப்படி உடைப்பது என்று என்னைக் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

திங்கட்கிழமை கூட்டத்தில் துறைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். “என்னம்மா, கொண்டாந்தியா?”

“கட்டுரை நெசம் சார். என் கண்ணால பாத்துட்டு வந்தேன். ஆனா இங்க படிக்க முடியாது. அவங்க வேணாம்னுட்டாங்க.”

“படிக்க முடியாத கட்டுரைய வச்சு நான் எப்படிம்மா பேசறது?”

“அவங்க வேணாம்னது ஒண்ணே போதும் சார். போன் எழுதுனத யாரும் ஒளிச்சு வைக்கச் சொல்ல மாட்டாங்க.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நியாயமான மனிதர்தான். ஆனாலும் தாள் போனது. அடுத்த ஆண்டிலிருந்து அந்த இடத்தில் தகவல் தொடர்புத் திறன் வரும். எனக்கு வணிகவியல் மாணவர்களுக்குப் பொதுத் தமிழ் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். பெயர்ப் பலகையில் இருக்கும் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன.

ஒரு மாதம் கழித்து, ஊருக்குப் போயிருந்த அபிநயாவின் போனில் இருந்து அமுதா பேசினார். மல்லிகாவின் பேரனுக்குக் காதுகுத்து. ஊர் கண்ணுக்குப் பகையாளி என்பதால் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். காலையில் மேளச் சத்தம் கேட்டதும் இருப்புக்கொள்ளவில்லை.

“தட்டத் தூக்கிக்கிட்டுத் தெருவழியாவே போயிட்டேன் டீச்சரு. மொத ஆளா மாலையும் போட்டேன். ஏலக்காரரு வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தாரு. அம்புட்டுத்தான், எல்லாம் வெளங்கிப்போச்சு ஊருக்கு.”

“இனிமே ஏலத்துல?”

“கூட்டுன்னு சொல்லியே எடுக்கோம். ஏலக்காரரும் விவரந்தெரிஞ்சு ஏத்துறாரு, வெல கூடத்தான் செய்யுது. போகட்டும், தொண்ட வலியாவது மிச்சம். நீங்க இப்ப எழுதிக்கங்க, படிச்சுக்கங்க. எம்பேரப் போடுங்க.” பின்னால் இருந்து ஒரு கரகரத்த குரல், “எம்பேரையும்!” என்றது.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். “தாள் போயிருச்சேம்மா, இப்ப வந்து?” என்றார். தாள் வேண்டாம், புதன்கிழமை கடைசி மணி நேரத்துக்கு ஓர் அறை மட்டும் போதும் என்றேன். மின்விசிறி ஓடாத அறை ஒன்று இருக்கிறது என்றார்.

நேற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். எழுதியவர் மட்டும் வந்தால் போதாது, யாரைப் பற்றி எழுதினாரோ அவரும் வரவேண்டும், அவர் சம்மதித்தால்தான் படிக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். முதல் புதன் அபிநயாவுடையது. கட்டுமாவடியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில்.